முதுகுக்கடைக்கு ஒரு மிஷின்

என் அத்தானின் முகத்தை அறிந்தவர்களைவிட அவர் முதுகை அறிந்தவர்கள்தான் இந்த வட்டாரத்தில் அதிகம். பை, பெட்டி, குடை, ஜிப்பு, இதையெல்லாம் பழுது பார்ப்பது அவர் தொழில். கடைக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அது வாசலுக்கு நேர் எதிரே பின்சுவரில் இருக்கிறது; அதற்கு வெளியே ஒரு சந்து. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும் என்று அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே வருகிறவர்கள் அவர் முதுகிடம்தான் பேச வேண்டும். முதுகுக்கடை எங்கே என்று கேட்டால் தெருமுனையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். பலகையில் நாங்கள் எழுதி வைத்த பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது.

கடையில் பாதி என்னுடையது. நான் துணி திருத்துகிறவள். நீளத்தைக் குறைப்பேன், இடுப்பைப் பிடிப்பேன், பிரிந்ததைத் தைப்பேன். என் அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மனிதரோடு ஒரே அறையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்துச் சுவரில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் விலைப்பட்டியல் தொங்குகிறது. யாராவது பேரம் பேசினால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பேன், அத்தோடு பேரம் முடிந்துவிடும். அத்தான் எனக்குக் கத்தரி என்றே பெயர் வைத்துவிட்டார். கையில் இருப்பதைச் சொல்கிறாரா, வாயில் இருப்பதைச் சொல்கிறாரா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் பக்கத்தில் விலைப்பட்டியல் கிடையாது. விலையே கிடையாது. வாசலை ஒட்டி, அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன் மேல்பலகையில் ஒரு பிளவு. வேலை முடிந்ததும் திரும்பாமலே பொருளைப் பின்பக்கமாக நீட்டுவார். வாங்கிக்கொண்டு போகிறவர் தனக்குத் தோன்றியதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். போடாமலும் போகலாம். வாரக் கடைசியில் அக்கா வந்து பெட்டியைத் திறந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அந்தப் பெட்டிக்கு மட்டுமே தெரியும்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே, ஆகா, எவ்வளவு பெரிய மனசு என்று உருகிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை. அத்தான் கல்யாணமாகி வந்த புதிதில் பயணப் பெட்டிகள் விற்கும் ஒரு பெரிய கடையின் பின்னறையில் வேலை பார்த்தார். அங்கே பழுதுக்கு வரும் ஒவ்வொரு பையிலும் பேசிய விலையைச் சீட்டில் எழுதிக் கட்டி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் அவரைக் கெடுத்தது என்பது அவருடைய வாக்குமூலம். என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

"விலை ஜாஸ்தின்னா கை தன்னால நெருக்கித் தைக்கும். பேரம் பேசிக் குறைச்ச ஆளோட பைன்னா தையல் எட்டி எட்டிப் போகும். நான் சொன்னா கேக்காது. அப்படித் தைச்சு அனுப்பின ஒரு பெட்டியோட பிடி நடு ரோட்டுல அறுந்து, பெட்டிய தூக்கிட்டுப் போன பெரியவர் மல்லாக்க விழுந்தாரு. எதிர்த்தாப்புல நான் நின்னுட்டு இருந்தேன். ஓடிப்போய்த் தூக்கினா, ரொம்ப நன்றி தம்பின்னு என் கையப் பிடிச்சுக்கிறாரு. எந்தக் கைய!"

அன்றைக்கு முடிவு செய்தாராம், யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது இந்தக் கைக்குத் தெரியவே கூடாது என்று. ஆகவே அந்தப் பெட்டி ஊருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. பாலை மூடி வைப்பது பூனைமேல் உள்ள பிரியத்தாலா? அப்படித்தான் இதுவும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதுகுக்கடையில் தைத்த பிடி அறுந்தது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. குழந்தையின் பென்சில் பைக்கும், விமானத்தில் பறக்கிறவரின் தோல் பெட்டிக்கும் ஒரே மாதிரி மெழுகு தடவிய நூல், ஒரே மாதிரி இரட்டைத் தையல்தான்.

வண்டி இப்படியே ஓடியிருக்கும். ஜனங்கள் பையில் காசு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள், அதுதான் தொல்லை. என்னிடம் வருகிறவர்களை நான் வங்கி மிஷினுக்குத் துரத்தி, காசு எடுத்து வரும்வரை கால்சட்டையைப் பிணையாக வைத்துக்கொள்வேன். அத்தானால் அது முடியுமா? ஒருநாள் ஒரு பெண் சக்கரம் உடைந்த பெட்டியோடு ஓடி வந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் பதற, இவர் கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டுப் புதுச் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். அவள் கைப்பையைத் துழாவினாள்.

"அய்யோ, கையில காசா இல்லையே. கார்டு எடுப்பீங்களா?"

"இல்லம்மா. பரவால்ல, எடுத்துட்டுப் போங்க," என்றது முதுகு.

"சும்மாவா?"

"சும்மாதான். ரயிலப் புடிங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னப் பாத்தா சும்மா வாங்கிட்டுப் போறவ மாதிரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து இரண்டு உடுப்பை மட்டும் உருவிக் கைப்பையில் திணித்துக்கொண்டு, காசோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். பெட்டி கடை நடுவில் நின்றது. நாட்கள் போயின. ஒருநாளும் வாசல் பக்கம் திரும்பாத மனிதர் அந்தப் பெட்டியை அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். தைத்து முடித்த பொருள் போகாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு முதுகு அரிக்கிறதாம். அவள் கடைசியில் வந்து எடுத்துக்கொண்டு போன அன்று மாலை, அவரே வாய் திறந்தார்.

"கத்தரி, நாமளும் கார்டு மிஷின் வாங்கிடலாம்."

நான் எப்போது என்று காத்திருந்தவள். கடைக்கு ஒரே மிஷின், இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தோம். எனக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன: கமிஷன் குறைவாகப் பிடிக்க வேண்டும், பணம் சீக்கிரம் கணக்குக்கு வர வேண்டும். அத்தானுக்கு ஒன்றே ஒன்று. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தனக்குத் தெரியக் கூடாது.

முதலில் வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார், கையில் கறுப்பு மிஷின். முதுகைப் பார்த்ததும் எங்கே நின்று பேசுவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தார். நான் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டேன்.

"ரொம்ப ஈசி சார். வேலை முடிஞ்சதும் தொகைய நீங்க இதுல அடிக்கிறீங்க—"

"எந்தத் தொகை?"

"உங்க சார்ஜ் சார்."

"எனக்கு சார்ஜே இல்லையே."

மிஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த என் விலைப்பட்டியலைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் மரப்பெட்டியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையைச் சொறிந்தார்; ஆனாலும் விடவில்லை. "சரி சார், அப்போ கஸ்டமர் சொல்றத நீங்க அடிங்க."

"அவங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சா நல்லதுதானே சார்? இதுல ஒவ்வொருத்தர் எவ்வளவு குடுத்தாங்க, எத்தனாவது தடவை வர்றாங்க, எல்லாமே வரும். மாசக் கடைசில படமே போட்டுக் காட்டும்!"

"அந்தப் படமெல்லாம் காட்டாத மிஷின் இருக்கா?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலும். உலகத்திலுள்ள மிஷின் கம்பெனிகள் எல்லாம் எதைத் தங்கள் பெருமை என்று நினைக்கின்றனவோ அதுதான் அத்தானுக்கு வேண்டாம். வந்தவர் கிளம்பும்போது தன் மிஷின் பையில் ஜிப்பு மாட்டிக்கொள்வதாகச் சொல்லி அதைப் பழுது பார்த்துக்கொண்டு போனார். பெட்டியில் என்ன போட்டாரோ.

அடுத்து யோசனை சொன்னவர் எதிர்சாரி ரொட்டிக்கடைக்காரர். அவர் கடையில் இருப்பது சின்னப் பெட்டி போன்ற மிஷின். வாடிக்கையாளரே தொகையை அடித்து, கார்டைக் காட்டிவிட்டுப் போகலாம், கடைக்காரர் தொடவே வேண்டாம் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். வாடகையும் குறைவு. அவர் கம்பெனிக்காரனிடமே சொல்லி வாங்கி, மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைத்தோம்.

அந்த மிஷின் பேசும் என்பதை ரொட்டிக்கடைக்காரர் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கடையில் நாள் முழுக்க மாவு பிசையும் மிஷின் ஓடுகிறது. அது பேசியதே அந்த மனுஷருக்குக் கேட்டதில்லை.

முதல் வாடிக்கையாளர் குடைக் கம்பி மாற்ற வந்தவர். தொகையை அடித்தார், கார்டைக் காட்டினார். உடனே ஒரு பெண் குரல் கடை அதிரும்படி, இவ்வளவு பெறப்பட்டது, நன்றி என்று அறிவித்தது. அத்தான் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. குடைக்காரர் கொடுத்திருந்தது தாராளமான தொகை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அத்தான் எழுந்து நின்று, திரும்பி, பல்லெல்லாம் தெரிய, "தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கே அவர் தண்ணீர் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு கடை சந்தைக்கடை ஆகிவிட்டது. காத்திருப்பவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் போனவர் அதிகம் போட்டால் அடுத்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏற்றிப் போட்டார். ஒருவர் கூட்டம் சேரும்வரை காத்திருந்து, எல்லோரும் கேட்கும்படி போட்டுவிட்டுக் கம்பீரமாக இறங்கிப் போனார். எனக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் தபால்காரம்மா வந்தாள். எங்கள் தெருவுக்கும் பின்சந்துக்கும் கடிதம் கொண்டுவருகிறவள். பையின் கனம் தாங்காமல் தோள்வார் அடிக்கடி விட்டுப்போகும், அடிக்கடி வருவாள். அத்தான் வாரைத் தைத்துப் பின்பக்கமாக நீட்டினார். அவள் வழக்கம்போல வாசலுக்குப் போனாள். அன்று அவளிடமும் காசாக இல்லை போல. மிஷினில் அடித்தாள், கார்டைக் காட்டினாள். குரல் தொகையைச் சொன்னது. மிகச் சின்னத் தொகை. உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார், அது இருமல் இல்லை. அவள் பையைத் தோளில் மாட்டியதும் மாட்டாததுமாக இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மதியமே நான் அந்த மிஷினின் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தேன். அதற்குக் குறையவே தெரியவில்லை. கம்பளித் துணியில் சுற்றி வைத்தேன். அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட ஆள் கத்துவது போல் கேட்டது; முன்னைவிட மோசம்.

தபால்காரம்மா பிறகு வரவில்லை. அத்தானும் சரியாக இல்லை. ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு, கைப்பை ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில்தான் அதைத் தைத்து முடித்திருந்தார்.

"தைச்சத ஏன் பிரிக்கிறீங்க?"

அவர் தையலை வெளிச்சத்தில் காட்டினார். எட்டி எட்டிப் போயிருந்தது. அந்தப் பையின் சொந்தக்காரர் போன வாரம் குறைவாகப் போட்டவர். மிஷின் சொன்னதை நானும் கேட்டிருந்தேன்.

"பாத்தியா? பழைய கை திரும்பி வந்துடுச்சு."  அந்த மனிதர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.  அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வேலை. அது கெட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் சந்தில் தபால்காரம்மா போனாள். நான் அத்தானின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். தோள்வார் மறுபடி விட்டுப்போயிருந்தது. அதைக் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். கயிறு கழுத்தை அறுக்கும் இடத்தில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள். எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தான் எழுந்து போய் மிஷினின் வயரைப் பிடுங்கி, கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"அந்தம்மா திரும்பி இந்தக் கடைக்கு வரணும். அதுக்கு ஏத்த மிஷின் கிடைச்சா வாங்குவோம். இல்லேன்னா வேண்டாம்."

அதன்பிறகு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. மிஷின் விற்கும் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஒன்று கைப்பேசியோடு சேர்ந்து வேலை செய்வது. ஒன்று கைப்பேசியையே மிஷினாக்குவது. ஒன்று வாடகை இல்லாமல் கமிஷனை மட்டும் பிடிப்பது. இன்னொன்று கமிஷன் குறைவு, ஆனால் வருஷக்கணக்கில் ஒப்பந்தம். நான் அதிலெல்லாம் தேறிவிட்டேன். எந்தக் கார்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கடைசியில் அத்தான் வாயைத் திறந்து தன் கேள்வியைக் கேட்பார். அவர்கள் மூஞ்சி மாறும். ஒரு பையன் மட்டும், வரி கட்டாமல் ஏமாற்றப் பார்க்கிறோமோ என்று சந்தேகமாகப் பார்த்தான். அவனுக்கு என் வாயிலிருந்து கிடைக்க வேண்டியது கிடைத்தது.

வழி காட்டியது அக்காதான். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். பல் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவள் அங்கே நடைபாதைச் சுவரில் ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, நன்கொடை போடுறதுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க. சத்தமே இல்ல. போடுறவங்களே அடிச்சு, போட்டுட்டுப் போயிட்டே இருக்காங்க. பக்கத்துல ஒரு ஆள் கூட இல்ல."

வீங்கின கன்னத்தோடு அவள் சொன்னதைக் கேட்டு மறுநாளே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல மாதிரி. நாங்கள் தர்ம ஸ்தாபனமா என்று கேட்டாள்.

"எங்க அத்தானக் கேட்டா இல்லம்பாரு. என்னக் கேட்டா, அவரோட குடும்பம் நடத்துற எங்க அக்காதான் தர்ம ஸ்தாபனம்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் மேலதிகாரியிடம் பேசிவிட்டுத் தானே திரும்பக் கூப்பிட்டாள். கடைகளுக்கும் அந்த மிஷினைத் தரலாமாம். குரலை அடியோடு நிறுத்திவிடலாம். திரை, போடுகிறவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். போட்டவுடன் தொகை மறைந்துவிடும். ரசீது தேவையென்றால் அவர்களுக்கே போகும்.

"ஆனா ஒண்ணுங்க. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க கைப்பேசிக்கு ஒவ்வொரு தொகையும் வந்துடும். அத நிறுத்த முடியாது. யாருக்காவது ஒருத்தருக்குத் தெரிஞ்சுதான் ஆகணும்."

இதுதான் சிக்கல். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் பேச்சு இதுவாகவே இருந்தது. அக்கா கையை உதறிவிட்டாள். "நாள் முழுக்க ஊரார் காசத்தான் எண்ணிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்தும் அதேவா? ஆள விடுங்க." பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டுவது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்றா கேட்கிறீர்கள்? கரும்பு தின்னக் கூலியா வேண்டும்!

"பாரு, பாத்துக்கோ. ஆனா எங்கிட்ட சொல்லிடாத," என்றார் அத்தான்.

மிஷின் வந்தது. மரப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரே பலகையில். அங்கே போய் நிற்கிறவர் பெட்டியில் போடுகிறாரா, மிஷினில் போடுகிறாரா, எதிலும் போடாமல் சும்மா நின்றுவிட்டுப் போகிறாரா என்று யாருக்கும் தெரியாது. மடியில் துணிக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நான் மட்டும் எல்லாம் பார்த்தேன்.

எத்தனை ருசியாக இருந்தது தெரியுமா, முதல் சில நாட்கள்! ஒருநாளும் நன்றி சொல்லாத சிடுமூஞ்சி வக்கீல் அள்ளிப் போடுகிறார். கைக்குழந்தையோடு வருகிற பெண் எப்போதும் ஒரே தொகை, ஒரு காசு கூடாது குறையாது. வரும்போதெல்லாம் உங்க அத்தான் தெய்வம்மா என்று கண்கலங்குகிற ஆசாமி போடுவதைக் கண்டு எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தக் காசுக்கு நூல்கூட வராது. அவரே ஒருநாள் என்னிடம் கால்சட்டையைக் குறைக்கக் கொடுத்தார். என் விலை சுவரில் இருக்கிறது, அதை அவர் முழுசாகக் கொடுக்கத்தான் போகிறார், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தும் தைக்கும்போது எனக்குக் கடுகடு என்று வந்தது. தையல் மிஷினைப் போட்டு மிதித்தேன்.

"கத்தரி," என்றது முதுகு. "இன்னைக்கு உன் மிஷின் ஓடுற சத்தம் சரியில்லையே."

"எண்ணெய் போடணும்."

"எண்ணெய்தானா?"

 கால்சட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகப் போயிருந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். அத்தானின் பயம் என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் அதை ஒரு கிறுக்கு என்றே நினைத்திருந்தேன்.

தபால்காரம்மா மட்டும் வரவில்லை. மிஷின் மாறியது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் அவள் சந்தில் வரும்போது அத்தான் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். அவர் முகத்தை அவள் அன்றுதான் கிட்டத்தில் பார்த்திருப்பாள்.

"அந்த வாயாடியத் தொலைச்சுட்டேன்மா. இப்ப இருக்கிறது ஊமை. வாங்க."

அவள் கயிற்றைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அத்தான் ஜன்னலை மூடவே இல்லை. மறுநாள் முற்பகலில், கடிதங்களையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, காலிப் பையோடு வாசல் வழியாக வந்தாள்.

அத்தான் கயிற்றை அறுத்துப் போட்டார். வாரின் பழைய தையலை முழுதாகப் பிரித்து, நூலுக்கு மெழுகு தடவி, எல்லோருக்கும் போடும் அதே இரட்டைத் தையலைப் போட்டார். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள். எங்கள் இருவருக்கும் முதுகு காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கடையில் ஒரு சத்தமும் இல்லை.

என் மடியில் கைப்பேசி ஒளிர்ந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன்.

அந்தத் தொகைக்கு ஒரு புதுப் பையே வாங்கியிருக்கலாம். வக்கீல்கூட அப்படிப் போட்டதில்லை. கைதவறி அடித்துவிட்டாளோ என்று பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் அவள் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கைதவறவில்லை. அன்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்களே, ஒருவர் இருமினாரே, அதற்குப் பதில் இது. கேட்க யாருமே இல்லாத இடத்தில், ஊமை மிஷினிடம், பதில் சொல்லிவிட்டாள். மாசம் முழுக்க அவள் வீட்டில் எது குறையப் போகிறதோ. அழைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று என் கை பரபரத்தது. கொடுத்தால் நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். அதற்கு அந்தக் கத்தும் மிஷினையே வைத்திருக்கலாம்.

"வரேங்க," என்று முதுகிடம் சொன்னாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனாள்.

அப்போது அத்தான் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"கத்தரி."

"என்ன?"

"அந்தம்மா மனசு ஆறிடுச்சான்னு தெரியணும். இந்த ஒரு தடவ மட்டும் கேக்குறேன். எவ்வளவு போட்டாங்க?"

இத்தனை வருஷத்தில் யார் போட்ட காசைப் பற்றியும் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் இது. சொன்னால் அவர் பதறியடித்துக்கொண்டு தெருவில் ஓடுவார். ஓடாவிட்டாலும், அடுத்த தடவை அவள் வாரைக் கையில் எடுக்கும்போது கை அதை மறக்காது.

"போட்டாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

"பொய் சொல்ற."

"ஆமா, பொய்தான். திரும்புங்க அத்தான், கையில வேலை கெடக்குது."

 அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த பையை எடுத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துபோய் ஊசித்துளையே தெரியவில்லை. நல்லவேளை, அந்த மனிதர் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை.